கண்ணிழந்த இசைப்புலவர் ரோத்ரிகோ

மேனாட்டுச் சங்கீதத்தில் 'கான்செர்ட்டோ' என்பது ஒருவகை உருப்படி. தனிக் கருவி ஒன்று ஒருபுறமும், ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியக் குழு மறுபுறமுமாக நின்று, ஒன்றற்கொன்று விடையிறுத்தும் ஒருங்கிணைந்தும் இசைப்பது அதன் இலக்கணம். பியானோவும் வயலினும் இப்பணிக்கேற்ற குரல்வன்மை உடையன. கித்தாரோ அத்தகையதன்று. விரலால் மீட்டப்படும் அதன் ஒலி மென்மையானது. எழுந்த கணத்திலேயே தேயத் தொடங்குவது. குழலும் கொம்பும் எக்காளமும் முழங்கும் அவையில் அம்மெல்லொலி செவிப்படுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டோருள் தலைசிறந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹோவாக்கீன் ரோத்ரிகோ. அவருடைய வாழ்வையும், அவர் கண்ட விடையின் திறத்தையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ரோத்ரிகோ 1901-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், வாலென்சியா நாட்டுச் சாகுந்தோ என்னும் தொன்னகரில் தோன்றினார். அந்நாள், கிறிஸ்தவ மரபில் இசையின் காவலராகப் போற்றப்படும் புனித செசீலியாவின் திருநாளாகும். மூன்றாம் வயதில் தொண்டை அடைப்பான் நோய் அவரைப் பற்றியது. உயிர் தப்பியது; கண்ணொளி போயிற்று. அவ்விழப்பே தம்மை இசையின்பால் செலுத்தியதென அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. இளமையில் பியானோவும் வயலினும் கற்றார். 1927-இல் பாரிஸ் மாநகர் சென்று, பால் துக்கா என்னும் பேராசிரியரிடம் இசை இயற்றும் கலையைப் பயின்றார். ஆங்கு, துருக்கியிற் பிறந்த பியானோ வல்லுநராகிய விக்டோரியா கம்ஹியைக் கண்டு, 1933-இல் மணம்புரிந்தார்.

அவர் இசை இயற்றிய முறை நம் கருத்திற்குரியது. கண்ணுடையார் ஒரே பார்வையில் பல கருவிகளின் ஸ்வரங்களையும் தாளிற் காண்பர். ரோத்ரிகோவோ பிரெயில் முறையில் ஆறு புள்ளிகளை விரலால் தடவி அறிய வேண்டியவர். ஒரு நேரத்தில் ஒரு வரியே விரலுக்கு எட்டும். எஞ்சிய யாவும் நினைவில் நிற்றல் வேண்டும். அங்ஙனம் எழுதியதைப் பின்னர் ஸ்வரம் ஸ்வரமாகச் சொல்ல, எழுத்தர் ஒருவர் படியெடுப்பார். விக்டோரியா அம்மையார் அப்படியைப் பியானோவில் வாசித்துப் பிழை திருத்த உதவுவார்.

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. உபகாரச் சம்பளம் நின்றது. தம்பதிகள் ஜெர்மனியிலும் பாரிஸிலும் வறுமையில் உழன்றனர். 1938-இல், சான் செபாஸ்தியான் நகரில் ஒரு விருந்தின்போது, கித்தார் வித்துவான் ரெஹீனோ சாயின்ஸ் தெ லா மாஸா, தமக்கொரு கான்செர்ட்டோ இயற்றித் தருமாறு ரோத்ரிகோவை வேண்டினார். ரோத்ரிகோ கித்தார் வாசிப்பவர் அல்லர், எனினும் இசைந்தார். பாரிஸில் 1939-இல் 'அரான்ஹுவேஸ் கான்செர்ட்டோ' உருப்பெற்றது. அவ்வாண்டிலேயே அவர்தம் முதற்குழவி பிறவாமலே மாய்ந்தது. இரண்டாம் பகுதியாகிய விளம்பகால இசையில் அத்துயரமும், அரான்ஹுவேஸில் தாங்கள் மணவாழ்வின் தொடக்கத்திற் கழித்த இன்பநாட்களின் நினைவும் கலந்துள்ளன என்று விக்டோரியா அம்மையார் பின்னாளில் எழுதினார்.

அரான்ஹுவேஸ் என்பது மாட்ரிட்டுக்குத் தெற்கே தாகூஸ் ஆற்றங்கரையில் அமைந்த அரச மாளிகையும் பூங்காக்களும் உடைய ஊர். அதன் எழிலைக் கண்ணாற் காணாதவர் அதனைப் பாடுதல் எவ்வாறு? மக்னோலியா மலரின் மணமும், புள்ளினங்களின் பாட்டும், நீரூற்றுகளின் ஒலியுமே தம் இசைக்குப் பொருளென்றார் ரோத்ரிகோ. மூக்கிற்கும் செவிக்கும் எட்டிய சோலையே அவர் கண்ட சோலை.

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவாம். ரோத்ரிகோ கித்தாரின் குரலை உயர்த்த முயன்றிலர். பிற கருவிகளை அடங்கச் செய்தார். முரசம் முதலிய தோற்கருவிகளை முற்றும் விலக்கினார். முதற்பகுதியின் தொடக்கத்தில் பெருவயலின்கள் ஒரே ஸ்வரத்தை மெல்ல நீட்டி நிற்க, கித்தார் தனித்துத் தன் தாளக்கட்டை வருடி இசைக்கிறது. இரண்டாம் பகுதியில், கித்தார் மெல்லிய சுருதிக் கூட்டங்களை மீட்ட, கோர் ஆங்லே என்னும் துளைக்கருவி சோகப்பண்ணைப் பாடுகிறது. அதனையே கித்தார் நுண்ணிய கமகங்களால் அணிசெய்து திருப்பிச் சொல்லுகிறது. பல்லியக் குழு முழுக்குரலில் அழுது தீர்க்குமிடத்துக் கித்தார் வாய்மூடி நிற்கும். அம்முழக்கம் ஓய்ந்தபின் மீண்டும் அதுவே பேசும். இறுதியில் அதன் ஒலி மேன்மேல் ஏறி, இழையாய் நுணுகி மறைகிறது. இருதிறத்தாரையும் ஒரே காலத்தில் மோதவிடாது, ஒருவர் பேச மற்றவர் கேட்குமாறு அமைத்ததே அவர் கண்ட விடை.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பார்சலோனாவில் சாயின்ஸ் தெ லா மாஸா இதனை அரங்கேற்றினார். போரினால் நைந்திருந்த நாட்டில் எழுந்த இவ்விசை, நாளடைவில் உலகெங்கும் பரவிற்று. ரோத்ரிகோ 1954-இல் ஆந்திரேஸ் செகோவியாவுக்கென மற்றோர் உருப்படியும், 1967-இல் நான்கு கித்தார்களுக்கென ஒரு கான்செர்ட்டோவும் இயற்றினார். 1991-இல் ஸ்பெயின் மன்னர் அவருக்கு அரான்ஹுவேஸ் பூங்காக்களின் பெயராலேயே பிரபுப் பட்டம் வழங்கினார். 1999-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், தம் தொண்ணூற்றேழாம் வயதில் மாட்ரிட்டில் காலமானார். அரான்ஹுவேஸ் கல்லறைத் தோட்டத்தில் மனைவியாரின் அருகே துயில்கின்றார்.

வலிய குரலுடையார் பலர் கூடிய அவையில் மெல்லிய குரலும் கேட்கப்பட வேண்டுமாயின், மெலியாரை உரக்கக் கூவச் சொல்லுதல் வழியன்று. வலியார் சிறிது அடங்கிச் செவிசாய்த்தலே வழி. இவ்வுண்மை இசைக்கு மட்டுமோ பொருந்துவது? வகுப்பிலும் விடுதியிலும் சங்கக் கூட்டங்களிலும் நம்மிடையே உள்ள மெல்லிய குரல்களுக்கு நாம் இடந்தருகின்றோமா என்பதை, இவ்விசையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.