அரைநாள் பள்ளிக்கூடம்



சென்ற மாதம் வீடு மந்திரிக்க வந்தபோது, பள்ளிக்கூட நேரத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தார் சுற்றிக்கொண்டிருக்கக் கண்டேன். "மத்தியானம் போவான் சாமி" என்றார் தாயார். எந்த வீடு என்று தேடவேண்டாம். அப்படிப்பட்ட வீடு ஒன்றல்ல.

அரைநாள் படிப்பு நமது நாட்டுக்குப் புதிதல்ல. சேலத்தில் வக்கீலாயிருந்து, 1917-ல் அந்நகரசபைத் தலைவருமான இராஜாஜி, 1953-ல் முதலமைச்சராயிருக்கையில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரமே பாடம். மீதி நேரம் தகப்பனார் தொழிலைக் கற்கவேண்டும். பள்ளிகள் போதாத காலம். ஒரே கட்டடத்தில் இரண்டு வேளையாக அதிகப் பிள்ளைகளைப் படிப்பிக்கலாமென்பது கணக்கு. ஆனால் தறிக்காரன் மகனுக்குத் தறியேதான் கதியா என்று கேட்டு, ஜனங்கள் அதைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. சர்க்கார் விட்டதை நாம் வீட்டுக்குள் நடத்தலாமா?

கைத்தொழில் இழிவென்று சொல்லவில்லை. நமதாண்டவரே சூசையப்பரின் பட்டறையில் உழைத்தவர். அப்படிப்பட்டவர் பன்னிரண்டாம் வயதில் தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, கேட்டும் வினாவியும் இருந்தாரென்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். இரண்டுக்கும் இடமுண்டு. 2016-ல் திருத்தப்பட்ட சட்டமும், பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ மாத்திரம் கைகொடுக்கலாமென்கிறது. கல்வி எல்லா மனிதருக்கும் உரிமையென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் வருஷமே அறிவித்திருக்கிறது.

முன்பணம்தான் பிள்ளையைத் தறியண்டை இழுக்கிறதென்பதை அறிவேன். கடன் சீக்கிரம் தீரட்டுமென்று அவன் கையையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். கூலி இன்று வரும். விட்டுப்போன பாடம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில்தான் தெரியவரும். பங்கில் பட்டறை வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: தகப்பன் பட்ட கடனுக்குப் பிள்ளையின் காலைப்பொழுதைக் கணக்கில் வைக்காதீர்கள். தவணையை நீட்டிக் கொடுங்கள். அதைப் பேச வெட்கப்படும் தகப்பனாருக்காக நான் கூட வருகிறேன்.

திங்கட்கிழமை முதல் மாலை 6 மணியிலிருந்து 8 மணிவரை கோவில் மண்டபத்தில் விளக்கெரியும். கல்லூரியில் படிக்கும் நமது பங்குப் பெண்கள் இருவர் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்பார்கள். எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். மேசைகள் போதா, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பாய் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி