அவசரப் பிரிவு யாருக்கு?



ஒரு ஞாயிறு ராத்திரி, நெஞ்சுவலி வந்த ஒரு ஐயாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவசரப் பிரிவு வாசலில் நீண்ட வரிசை. ஒருத்தருக்கு மூணு நாள் இருமல், இன்னொருத்தருக்குப் பழைய முழங்கால் வலி, வேறொருத்தருக்கு கிளினிக் மாத்திரை முடிந்துவிட்டது. நாங்களும் பேசாமல் கடைசியில் நின்றோம். ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்த நர்ஸ் ஓடிவந்து, "வந்ததுமே ஏன் சொல்லல்ல?" என்று ஏசினார். ஐயா பிழைத்தார். தவறு எங்களுடையதுதான்.

தோட்டத்திலும் டவுனிலும் ஜனம் பெருகிவிட்டது. டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட புதிய ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டில் கூடுவது நல்லதுதான். ஆனால் எந்த ஆஸ்பத்திரியிலும் ராத்திரி அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர்மார் சிலரே. அங்கே முதலில் வந்தவருக்கு முதலிடம் இல்லை. உயிராபத்தில் இருப்பவருக்கே முதலிடம்.

உடனே போக வேண்டியவை:

1. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்.
2. திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல்.
3. பாம்புக்கடி. கடிவாயைக் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது.
4. குளவி கொட்டி முகம் வீங்குதல், மயக்கம்.
5. நிற்காத இரத்தப்போக்கு, வலிப்பு. கர்ப்பிணித் தாய்க்குக் கொஞ்சம் இரத்தம் பட்டாலும் தாமதிக்க வேண்டாம்.

இவற்றுக்கு 1990 இலக்கத்தை அழையுங்கள். 2016 இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இன்று நாடு முழுவதும் ஓடுகிறது, காசு இல்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிசன், லயம், பாதை எல்லாம் தெளிவாகச் சொல்லுங்கள்.

வாசலில் சிங்களம் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். மூன்று வசனம் போதும்: நெஞ்சு வலிக்குது – "பபுவ ரிதெனவா". மூச்சு விடக் கஷ்டம் – "ஹுஸ்ம கன்ன அமாருய்". இரத்தம் போகுது – "லே யனவா".

பழைய வலி, லேசான தடிமன் இருமல் என்றால் பகலில் தோட்ட டிஸ்பென்சரிக்கோ, ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கோ போங்கள். கிளினிக் மருந்தை முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்னமே எடுங்கள்.

"பகலில் போனால் ஒரு நாள் பேர் போகுமே" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் பலர் ராத்திரி போகிறார்கள். கிளினிக் திகதியை முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். துரையிடம் நாங்கள் பேசுகிறோம்.

இன்றைக்கே அந்த மூன்று வசனத்தையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ராத்திரியில் பக்கத்தில் இருப்பது அவர்கள்தானே.