ஏர்பேக் விரியலைன்னா பணம் யார் கொடுப்பாங்க? கார் வாங்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்

கார் வாங்கும்போது ஆன்-ரோடு விலை, இஎம்ஐ, மைலேஜ், ரீசேல்னு எல்லாத்துக்கும் கணக்கு போடுறோம். ஏர்பேக் எத்தனைன்னும் கேக்குறோம். விபத்து நேரத்தில் அது விரியலைன்னா யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை என் காலாப்பட்டு ஆபீசுக்கு கார் லோன் பற்றிப் பேச வருபவர்கள் யாருமே கேட்டதில்லை. இன்னிக்கு அதைப் பார்ப்போம்.

முதல்ல ஒரு வழக்கு. 2015 ஆகஸ்டில் ஒருவர் ஹூண்டாய் கிரெட்டா வாங்கினார். முன்பக்கம் இரண்டு ஏர்பேக். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. தலை, மார்பு, பல் எல்லாம் காயம். ஏர்பேக் விரியவே இல்லை. அவர் டெல்லி மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதலின் வேகம் இல்லை என்பது கம்பெனியின் வாதம்.

மாநில ஆணையம், தேசிய ஆணையம் இரண்டிலும் கம்பெனி தோற்றது. கடைசியில் 2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றமும் அதே பக்கம்தான் நின்றது. வேகம், விசை என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்க, கார் வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. முன்பக்கம் பலமாக மோதினால் ஏர்பேக் விரியும் என்று நம்பித்தானே வாங்குகிறார் என்று கேட்டது. வண்டி நொறுங்கியிருக்கும் நிலையே சாட்சி, தனியாக நிபுணர் அறிக்கை தேவையில்லை என்றும் சொன்னது. மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50,000, வழக்குச் செலவுக்கு 50,000. கூடவே வண்டியையும் மாற்றிக் கொடுக்கணும்.

ஒரு ஆடிட்டரா எனக்கு இதில் 3 லட்சம் பெரிய விஷயமாத் தெரியல. விபத்து நடந்து நாலரை வருஷம் கழித்து வந்த தீர்ப்பு அது. பெரிய விஷயம் என்னன்னா, நிரூபிக்க வேண்டிய சுமை நம்ம தோளிலிருந்து பெருமளவு இறங்கிவிட்டது. அந்த வழக்கு பழைய 1986 சட்டத்தின் கீழ் நடந்தது. இப்போ இருக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளரின் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே உண்டு. அதன் 84-வது பிரிவுப்படி, வெளிப்படையாகக் கொடுத்த வாரண்டிக்குப் பொருள் ஒத்து வரலைன்னா, ‘அந்த வாரண்டியைக் கொடுத்ததில் அலட்சியம் இல்லை’ என்று நிரூபித்தாலும் கம்பெனி தப்பிக்க முடியாது.

எங்கே புகார் கொடுக்கிறது? நாம காலாப்பட்டுல இருந்து ஈசிஆர் வழியா டவுனுக்குப் போறதுக்குள்ளேயே தமிழ்நாட்டுக்குள் நுழைஞ்சு வெளிய வந்துடுறோம். ஷோரூம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன, நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காரின் விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். 12 லட்ச ரூபாய் காருக்கு புகார்க் கட்டணம் வெறும் 400 ரூபாய். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிடணும். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். நொறுங்கின பம்பரை மாற்றிட்டா உங்க சாட்சியும் குப்பைக்குப் போயிடும்.

இவ்வளவு உரிமையையும் நாமே கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கு. சீட் பெல்ட் போடலைன்னா ‘பீப்’ சத்தம் வருமே, அதை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறாங்க. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்நாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து தளங்களுக்கும் இதை நீக்க உத்தரவு போட்டது. நீக்கப்பட்ட விற்பனைப் பக்கங்கள் மட்டும் 13,118! ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று கிடையாது. பெல்ட் இல்லாத உடம்பு முன்னால் பாய்ந்து, விரியும் ஏர்பேக்கிலேயே அடிபடலாம். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பதும் இந்த கிளிப்பைத்தான்.

முன்பக்கம் மாட்டும் கிராஷ் கார்டும் அதே கதைதான். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே.

நம்மள மட்டும் குறை சொல்லிட்டு விட முடியாது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு விதி வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் அமலாக வேண்டியது ஒரு வருஷம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியே சொல்லிவிட்டார். ஒரு ஏர்பேக்கின் விலை 800 ரூபாய்தான் என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொன்னவரும் அவர்தான். சென்சார், சீட் மாற்றம் என்று கூடுதல் செலவு இருக்கும், அது நியாயம். ஆனால் சன்ரூஃப் மாதிரி உயிர்ப் பாதுகாப்பையும் டாப் வேரியன்ட்டில் வைத்து விற்பது எனக்கு உறுத்துகிறது. பாரத் என்கேப் ஸ்டார் மதிப்பீடு 2023 அக்டோபரிலிருந்து இருக்கிறது, ஆனால் அதுவும் கம்பெனி விரும்பினால்தான்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் ஏர்பேக்குக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். ஏர்பேக் மாற்ற 80,000 ரூபாய் பில் வந்தால் அதில் 40,000 உங்க பாக்கெட்டிலிருந்து. ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தால் அந்தக் கழிவு இல்லை. ஏர்பேக் அதிகமுள்ள காருக்கு நான் இதைத் தவிர்க்கச் சொல்வதே இல்லை.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒன்று. டகாட்டா கம்பெனி ஏர்பேக்குகளில் இருந்த அமோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. இந்தியாவிலும் ஹோண்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. நம்ம கடற்கரை வெயிலும் புழுக்கமும் அதற்கு எப்படிப்பட்ட இடம்னு சொல்லவே வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளைக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. அதைவிடப் பழைய வண்டி என்றால் நீங்களேதான் பார்க்கணும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் நம்பரை கம்பெனி வெப்சைட்டின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியது பாக்கி இருந்தால், சர்வீஸ் சென்டரில் இலவசமாக மாற்றிய ரசீது கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.