எவ்வகலத்துக்கும் ஒரு கூட்டி

ஏழுடன் ஐந்தைக் கூட்டும் சிறுவன் இரண்டை எழுதி ஒன்றை மனத்தில் இருத்துகின்றான். கணினியின் கூட்டற் சுற்றிலும் இதுவே நிகழ்கின்றது. ஆங்கு இலக்கங்கள் 0, 1 என்னும் இரண்டே. முழுக்கூட்டி என்னும் சிறு சுற்று, ஈரெண்களின் ஒவ்வோர் இலக்கத்தையும் கீழ்த்தானத்திலிருந்து வரும் இலக்கத்தையும் ஏற்று, தொகையிலக்கத்தையும் மேற்றானத்துக்குச் செல்லும் இலக்கத்தையும் தருகின்றது. எட்டு முழுக்கூட்டிகளைத் தொடுத்தால் எட்டிலக்கக் கூட்டி பிறக்கும்.

பதினாறு வேண்டின்? மறுபடியும் எழுதுதல் வீண் உழைப்பு. 1987 இல் நியமமாக்கப்பட்ட வீ.எச்.டி.எல். என்னும் வன்பொருள் விவரண மொழியில், எண்ணைக் குறியாது ‘அகலம்’ என்று பெயர்மாத்திரம் இட்டு, முழுக்கூட்டியை அத்துணை முறை அடுக்குமாறு விதிக்கலாம். தமிழாசிரியனாகிய எனக்கு இஃது இலக்கண வழியாகவே விளங்கிற்று. மணியடித்தான், வழியில்லை எனச் சொற்கள் எத்தனையாயினும் யகர உடம்படுமெய்க்கு விதி ஒன்றன்றோ?

இடறுமிடம் விடையிலே உள்ளது. எட்டிலக்கத்துள் 255 வரையே அடங்கும். 200 உடன் 100 ஐக் கூட்டி, மேற்செல்லும் ஒன்றுக்கு இடம் வையாவிடின் 44 என்றே விடை வரும். பிழை நேர்ந்ததென்று சுற்று அறிவிக்கமாட்டாது. ஆதலின் விடைக்கு ‘அகலம் + 1’ இலக்கம் ஒதுக்குக. அங்கே 9 என்று எழுதிவிட்டால், அகலம் மாறும் அன்றே விதி கெடும்.

சோதித்தலும் எளிதாகின்றது. அகலம் நான்காயின் கூட்டவேண்டிய இணைகள் 256 மாத்திரமே. ஒன்றும் விடாது பார்த்துவிடலாம். முப்பத்திரண்டில் அஃது இயலாது. ஆகவே மாணவர் முதலில் நான்கில் முற்றச் சோதித்து, பின்னர் அகலத்தைப் பெருக்கி, மிகப் பெரிய எண்களைத் தெரிந்து கூட்டிப் பார்ப்பாராக.