இலையில் ஒரு வேட்டைக்காரன்

கிளென்ஃபீல்டில் ஜனவரி மாதம் கோடைகாலம். நீங்கள் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஓர் இலையில் ஒல்லியான, பழுப்பு நிறப் பூச்சி ஒன்று இருக்கிறது. அதன் கால்களுக்குள் இன்னொரு சிறிய பூச்சி அகப்பட்டிருக்கிறது!

நீங்கள்: அம்மம்மா, இஞ்சை வாங்கோ! இது குளவியா?
அம்மம்மா: தொடாதை பிள்ளை! குளவி எண்டால் கொட்டும். செருப்பாலை அடிக்கட்டே?
நீங்கள்: பொறுங்கோ அம்மம்மா. முதல்ல வடிவாப் பார்ப்பம்.

கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

1. இறக்கைகள்: குளவிக்கு நான்கு. ஈக்கு இரண்டுதான். ஆனால் குளவியின் முன் இறக்கையும் பின் இறக்கையும் சேர்ந்தே இருக்கும். எண்ணுவது கடினம். அதனால் தலையையும் பாருங்கள்.
2. உணர்கொம்புகள்: குளவிக்கு நீளமானவை. இந்தப் பூச்சிக்குக் குட்டையானவை.
3. கண்கள்: இரண்டு பெரிய கண்கள். அவற்றுக்கு நடுவே, உச்சந்தலையில் ஒரு பள்ளம்.
4. முகம்: அட, மீசை! முகத்தில் விறைப்பான முடிகள் இருக்கின்றன.

இப்போது தெரிந்துவிட்டது. இது குளவி இல்லை, ஈ. ஆங்கிலத்தில் இதை 'ராபர் ஃப்ளை' என்பார்கள். நாம் 'கொள்ளைக்கார ஈ' என்று சொல்லலாம். நியூசிலாந்தில் மட்டுமே வாழும் கொள்ளைக்கார ஈ வகைகளும் உண்டு.

இந்த ஈ வெயில் படும் இடத்தில் அமைதியாகக் காத்திருக்கும். ஒரு பூச்சி பறந்து வந்தால், பாய்ந்து போய்க் காற்றிலேயே பிடிக்கும். கூரான வாயால் குத்தி, உமிழ்நீரைச் செலுத்தும். இரையின் உள்ளே இருப்பது கரைந்துவிடும். பிறகு அதை உறிஞ்சிக் குடிக்கும். இரை துடிக்கும்போது மீசைதான் முகத்தைக் காக்கும்.

அம்மம்மா: இலையான் சாதியோ இது! மனிசரைக் கடிக்குமே?
நீங்கள்: துரத்தி வந்து கடிக்காது. கையில பிடிச்சால்தான் குத்தும்.
அம்மம்மா: அப்ப விடு, அது தன்ரை பாட்டிலை இருக்கட்டும்.

அம்மம்மா செருப்பைக் காலில் போட்டுக்கொண்டா. நீங்கள் ஒரு படம் எடுத்தீர்கள். ஈ இரையோடு பறந்து போனது.

சொற்கள்
இஞ்சை – இங்கே
எண்டால் – என்றால்
வடிவா – நன்றாக
இலையான் – ஈ
தன்ரை பாட்டிலை – தன் வழியில்
இரை – ஒரு விலங்கு பிடித்து உண்ணும் உயிர்

விடை சொல்லுங்கள்
1. இந்தப் பூச்சி குளவி இல்லை என்று எப்படி அறிந்தீர்கள்?
2. மீசையால் ஈக்கு என்ன பயன்?
3. கொள்ளைக்கார ஈ தேனீயையும் பிடிக்கும். அப்படியென்றால் அது கெட்ட பூச்சியா? உங்கள் வீட்டில் பேசிப் பாருங்கள்.