சுவிட்சுப் பெட்டியை இணைத்தலும் அமைத்தலும்

மரத்தில் வடியும் பாலுக்கும் செய்தி கொண்டு செல்லும் கம்பிக்கும் பழைய உறவு உண்டு. சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி 1843-ஆம் ஆண்டில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பி வைத்தார். கடல்நீரில் கெடாத அப்பாலே பின்னர்க் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1871-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியதும் அத்தகைய கம்பியின் வழியேதான்.

இன்று தோட்ட அலுவலகத்திலும் பள்ளியிலும் கூட்டுறவுக் கடையிலும் கணினிகள் வந்துவிட்டன. அவற்றின் கம்பிகளெல்லாம் ஓரிடத்தில் கூடுகின்றன. கூடுமிடத்தில் உள்ள பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். அதை வாங்கி, இணைத்து, ஒழுங்காக அமைக்கும் முறையை இம்மாதம் காண்போம்.

பெரட்டில் கிராணி பெயர் வாசிப்பதை நாம் அறிவோம். முதல் நாள் வந்தவருக்கு ஆள்முகம் தெரியாது. ஒரு பெயரைக் கூவினால் எல்லாருமே திரும்பிப் பார்ப்பர். சில நாளில் யார் எந்த நிரைக்குச் செல்பவர் என்பது அவருக்கு மனப்பாடமாகிவிடும். அதன்பின் உரியவரிடமே நேரில் சொல்லிவிடுவார். சுவிட்சும் இவ்வாறே கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஆலையிலேயே பொறிக்கப்பட்ட ஒரு முகவரி உண்டு. எந்த முகவரியிலிருந்து எந்த வாயில் வழியாகச் செய்தி வந்தது என்பதைச் சுவிட்ச் தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும். பெறுபவரின் முகவரி பட்டியலில் இருந்தால் அந்த வாயிலுக்கு மட்டும் அனுப்பும். இல்லையேல், வந்த வாயிலை விடுத்து மற்றெல்லா வாயில்களுக்கும் அனுப்பும். ஈதர்நெட் சுவிட்சை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் அதன் நிறுவனர் இருவருள் ஒருவர். கல்பனா அவருடைய மனைவியின் பெயர். 1994-இல் அதனைச் சிஸ்கோ நிறுவனம் வாங்கிக்கொண்டது.

சாதாரணச் சுவிட்சுக்கு நாம் கட்டளை எதுவும் இட முடியாது. நிர்வகிக்கத்தக்க சுவிட்சுக்கு இடலாம். விலை சற்றுக் கூடுதல். அதற்கு ஏன் கூடுதல் பணம் என்று கேட்போருக்குச் சிங்கப்பூரில் நடந்த ஒன்றைக் கூறுவோம். 2018-ஆம் ஆண்டு சூன் இறுதியிலும் சூலைத் தொடக்கத்திலும் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியோர் ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேர் பெற்ற மருந்துகளின் விவரமும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துக் குறிப்புகளும் அதில் அடக்கம். பொது விசாரணைக் குழு ஆராய்ந்து 2019 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. முன்னிலைச் சேவைக் கணினிகளுக்கும் நோயாளிகளின் தரவுத்தளத்துக்கும் இடையே வலையமைப்புப் பாதை திறந்தே கிடந்தது என்பதும், நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதாய் இருந்தது என்பதும் அக்குழு கண்ட குறைகளுள் சில. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்நிலை. நம் சம்பளக் கணக்கும் சேமநிதி எண்ணும் இருக்கும் அலுவலகக் கணினியும், பிள்ளைகள் விளையாடும் கணினியும், வாயிற்கதவின் கேமராவும் ஒரே சுவிட்சில் தடையின்றிப் பேசிக்கொள்வது தகுமா?

வாங்குவதற்குச் சிங்கப்பூர் செல்வோர், லிட்டில் இந்தியாவில் காய்கறியும் மல்லிகையும் வாங்கிய கையோடு சிம் லிம் டவருக்கோ சிம் லிம் ஸ்குவேருக்கோ நடந்தே போய்விடலாம். மூன்று முனைச் செருகியும் மின் அழுத்தமும் இரு நாட்டிலும் ஒன்றே. கேமராவுக்குக் கம்பி வழியே மின்சாரமும் தர வேண்டுமானால் அந்த வசதியுள்ள சுவிட்சைக் கேட்க வேண்டும். கம்பியில்தான் ஏமாறுவர்: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி வேண்டா, முழுச் செம்பாலான கேட் 5இ கம்பி நமக்குப் போதும். அதன் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செம்புக் கம்பி இழுக்காமல் கண்ணாடி இழையே இழுக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டில் 150 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது; நம் பக்கமும் குறைவில்லை. வெளியே ஓடும் செம்புக் கம்பியின் வழியே மின்னல் வந்தால் இரு முனையிலும் உள்ள கருவிகள் கருகும்.

இனி அமைக்கும் முறை. பெட்டியை உடனே இணையத்தோடு இணைக்க வேண்டா. முதலில் ஒரு கணினியை மட்டும் அதன் முதல் வாயிலில் பொருத்துக. சுவிட்சின் ஐ.பி. முகவரி அடிப்பக்கச் சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும். அது 192.168.0.1 என்றால், கணினிக்குத் தற்காலிகமாக 192.168.0.10 என்றும் உறைமூடி எண்ணாக 255.255.255.0 என்றும் கொடுத்து, உலாவியில் சுவிட்சின் முகவரியைத் தட்டச்சு செய்தால் நுழைவுப் பக்கம் திறக்கும். உள்ளே சென்றதும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. ஆலை கொடுத்த கடவுச்சொல் ஊரறிந்த ஒன்று. அடுத்து, திசைவியின் முகவரியோடு மோதாதபடி சுவிட்சுக்கு வேறு முகவரி கொடுத்து, தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய மென்பொருளை ஏற்ற வேண்டும்.

அடுத்தது பிரித்தல். ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் குழுக்கள் அமைப்பதை வி-லேன் என்பர். 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். அலுவலகத்துக்கு 10, வகுப்பறைக்கு 20, கேமராவுக்கு 30 என வைத்துக்கொள்வோம். கணினி பொருந்தும் வாயில் ஒரு குழுவுக்கு மட்டும் உரியதாய், குறியிடாததாய் இருக்க வேண்டும், அவ்வாயிலின் பி.வி.ஐ.டி. எண்ணும் அதே குழு எண்ணாக இருத்தல் வேண்டும். இதை மறப்பவர் மிகப் பலர். திசைவிக்கோ மற்றொரு சுவிட்சுக்கோ செல்லும் வாயிலில் எல்லாக் குழுக்களும் கலந்து செல்வதால், அங்கு ஒவ்வொரு பொதிக்கும் குழு எண் குறியிடப்படும். திசைவியும் இக்குறியை அறிந்ததாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் குழுக்களுக்கு இணையம் கிட்டாது. குழுக்களிடையே போக்குவரத்தைத் தடுக்கும் விதியும் திசைவியில் இடப்பட வேண்டும். நாம் அமர்ந்து கட்டளையிடும் கணினியின் வாயிலை மாற்றும்போது எச்சரிக்கை தேவை. நிர்வாகக் குழுவிலிருந்து அதை நீக்கிவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான்.

ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் யாரேனும் செருகிவிட்டால், எல்லார்க்கும் அனுப்பும் செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பு முழுதும் முடங்கும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் டிரீ என்னும் முறையை 1985-இல் வகுத்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். அமைப்புப் பக்கத்தில் அது இயங்குகிறதா என்று பார்த்து, இல்லையேல் இயக்கிவிடுக.

பல சுவிட்சுகளில் நாம் செய்த மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் 'சேமி' என்னும் பொத்தானை அழுத்தாவிடில் மின்சாரம் போனதும் அழிந்துவிடும். சேமித்த அமைப்பைக் கணினியில் ஒரு கோப்பாகவும் வைத்துக்கொள்க. எந்த வாயில் யாருக்கு என்பதைத் தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுக.

ஈற்றில் இரு சோதனைகள். வகுப்பறைக் கணினியிலிருந்து அலுவலகக் கணினியின் முகவரிக்குப் பிங் கட்டளை அனுப்பிப் பார்க்க வேண்டும், பதில் வரக்கூடாது. ஆனால் அலுவலகக் கணினி தன் குழுவிலுள்ள கணினிக்கு மறுமொழி தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது அணைந்து கிடந்தாலும் பதில் வாராதன்றோ. பிறகு சுவிட்சின் மின்செருகியைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகி, விளக்குகள் எரிந்தபின் இதே சோதனையை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும்.