தாய் வருமுன் வந்த தாய்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். அத்திருநாமம் அமைந்த வரலாறு, மகப்பேற்றை எதிர்நோக்கும் இல்லந்தோறும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண், பேறுகாலம் நெருங்கிய நிலையில் தன் தாயின் வருகைக்காகக் காத்திருந்தாள். தாயோ, வேண்டிய மருந்துப் பொருள்களுடன் பூம்புகாரிலிருந்து புறப்பட்டும், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. மகள் வலியால் துடித்தாள். அவ்வேளையில் சிவபெருமானே அத்தாயின் வடிவில் வந்து மருத்துவம் பார்த்தருளினார் என்பது தலவரலாறு. வெள்ளம் வடிந்து பெற்ற தாய் வந்து சேர்ந்தபோதுதான், முன் வந்தவர் யாரென விளங்கிற்று.

அத்தாய் அன்பில் குறைந்தவள் அல்லள். மருந்தையும் மறந்தாள் அல்லள். இடையில் ஓர் ஆறு நின்றது, அவ்வளவே. செல்ல வேண்டிய மருத்துவமனை எது, நள்ளிரவில் ஊர்திக்கு யாரை அழைப்பது, உடன் வருபவர் யார், மூத்த குழந்தை யாரிடம் இருக்கும் என்பனவற்றை வளைகாப்பன்றே முடிவு செய்துவிட வேண்டும். வளையலுக்கும் சித்திரான்னத்துக்கும் காட்டும் கவனத்தில் பாதி இதற்குப் போதும்! மழைக்காலமாயின், குறித்த நாளுக்கு முன்னரே மருத்துவமனைக்கு அருகில் சென்று தங்குதல் நன்று. தமிழகத்தில் 2008 முதல் 108 அவசர ஊர்தி கட்டணமின்றி வருகிறது. உதிரப்போக்கு, வலிப்பு, கடுந்தலைவலியுடன் பார்வை மங்கல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பொழுது விடியட்டும் எனக் காத்திராது உடனே புறப்படுக.

சுகப்பேறு கண்டோர் தாயுமானவர் சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பித்து வழிபடுகின்றனர்.